விசில் எண்ணும் வீடு

கடலூரில் என் பெரியப்பா வீட்டில் எதைப் பற்றியும் சும்மா குறை சொல்லிவிட்டுப் போய்விட முடியாது. ரிமோட்டைக் காணோம் என்றாலும் சரி, கரண்ட் வந்ததே தெரியவில்லை என்றாலும் சரி, சொன்னவரை உட்காரவைத்து விசாரணை ஆரம்பமாகிவிடும். எப்போது காணாமல் போகிறது? கடைசியாக யார் கையில் இருந்தது? சில நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கும், ஒயர்கள் தொங்க. அப்புறம் அண்ணன் கம்ப்யூட்டரைத் திறந்து, இதை உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்று தேடுவார். பெரும்பாலும் செய்திருப்பார்கள். கதை அதோடு முடியும். அப்படி முடியாமல் மிஞ்சியவைதான் காப்புரிமைக்குப் போனவை.

பெரியப்பாவுக்குத் திருப்பாப்புலியூரில் டிவி ரிப்பேர் கடை. பிக்சர் டியூப் காலத்தில் கடைக்குள் கால் வைக்க இடம் இருக்காது. செட்டைப் போட்டதும் வருகிற சத்தத்தை வைத்தே ‘எல்ஓடி போச்சு’ என்பார், பிக்சர் டியூபுக்கு உயர் மின்னழுத்தம் தரும் டிரான்ஸ்ஃபார்மர் அது. எங்கள் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு எமன் உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போர்டுகளில் செப்புக் கோடுகள் பச்சை பூத்திருக்கும். பழுதை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு பூசித்தான் திருப்பித் தருவார். கடை மேசையில் மல்டிமீட்டருக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷ் பாட்டிலைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பி வந்த பிறகு கடைக்கு வந்த செட்டுகளில் பாதி, ரிப்பேர் செய்யும் காசுக்குப் பெறாதவை. தட்டை டிவிகளும் வந்துவிட்டன. போர்டைக் கழற்றிப் புது போர்டு மாட்டினால் வேலை முடிந்தது. பெரியப்பாவுக்கு அந்த வேலையில் ருசி இல்லை. கடையைப் பாதி நேரம்தான் திறந்தார். மிச்ச நேரம் வீட்டுக் குறைகள் மேல் விழுந்தது.

அக்கா எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டுப் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் போர்டு டிசைன் செய்கிறார். அண்ணனுக்கு சிப்காட்டில் இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. பெரியம்மா குறை சொல்லும் பிரிவு. கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்குப் படிவங்களும் கட்டணங்களும்.

இனி விசில் டப்பா.

பெரியம்மாவின் குறை ரொம்பச் சாதாரணமானது. குக்கரை வைத்துவிட்டு வாசலுக்கோ மாடிக்கோ போனால் விசில் கணக்கு விட்டுப்போகிறது. வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டால் ஒருவர் ரெண்டு என்பார், இன்னொருவர் மூணு என்பார், டிவி பார்க்கிறவருக்குக் குக்கர் வைத்ததே தெரியாது. பெரியப்பா ஒரு மைக்கை வைத்து முதல் டப்பாவைச் செய்தார். விசில் என்று நாம் சொன்னாலும் அது ஒரே சுருதியில் வருகிற சத்தமில்லை. குக்கருக்குள் அழுத்தம் ஏறி, தண்ணீர் 120 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகும்போது ஆவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு சீறுகிறது. எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல் அது. கடுகு தாளிக்கிற சத்தமும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். ஆகவே டப்பா தாளிப்பை எண்ணியது. டிவியில் மழை பெய்தால் எண்ணியது. பக்கத்து வீட்டுக் குக்கரை ஒன்று விடாமல் எண்ணியது.

டிவி மெக்கானிக்குகளுக்கு இந்தத் தலைவலி பழசு. அமெரிக்காவில் ஜெனித் நிறுவனம் 1955-இல் விற்ற ஃப்ளாஷ்-மேட்டிக் ரிமோட்டை யூஜின் பாலி வடிவமைத்தார். டிவியின் மூலைகளில் இருந்த ஒளியுணரிகள் மேல் வெளிச்சத்தை அடித்துச் சேனல் மாற்ற வேண்டும். ஜன்னல் வெயில் பட்டாலும் டிவி அதைக் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வருஷம் ராபர்ட் அட்லர் கொண்டுவந்த ஸ்பேஸ் கமாண்டில் பேட்டரியே கிடையாது. பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும். அதில் எழும் அல்ட்ராசோனிக் ஒலி நம் காதுக்கு எட்டாது, டிவிக்கு எட்டும். சாவிக்கொத்தைக் குலுக்கினாலும் அதே ஒலி கொஞ்சம் வரும், சேனல் மாறிவிடும். பெரியப்பா இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, ‘அவனுக்குச் சாவிக்கொத்து, நமக்குக் கடுகு’ என்றார்.

வழி சொன்னது பெரியம்மாதான். ‘விசில் வரும்போது அடுப்பே ஆடுதே, அதைப் பாக்கக் கூடாதா?’

பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைகளுக்குள் ஒரு மெல்லிய பித்தளை வட்டு இருக்குமே, அந்தப் பீசோ வட்டை அடுப்பின் காலுக்கு அடியில் ஒட்டினார்கள். அதை அதிரவைத்தால் துளி மின்னழுத்தம் தரும். இப்போது டப்பாவுக்கு ஒரு காதும் ஒரு விரலும் கிடைத்த மாதிரி. மேடையில் தேங்காய் உடைத்தால் அதிர்வு உண்டு, சீறல் இல்லை. பக்கத்து வீட்டில் குக்கர் வைத்தால் சீறல் உண்டு, அதிர்வு இல்லை. இரண்டும் சேர்ந்து தொடங்கி, ஒரு குறைந்தபட்ச நேரம் நீடித்து, சேர்ந்தே அடங்கினால் மட்டும் ஒரு விசில். கரண்டியால் வாணலியைத் தட்டிக்கொண்டே தாளித்தாலும் ஏமாறவில்லை, ஏனென்றால் தட்டு விட்டுவிட்டு வருகிறது. இன்டக்‌ஷன் அடுப்பு ஓயாமல் உறுமிக்கொண்டே இருக்கும். அந்த நிரந்தர அதிர்வைத் தனியாகக் கழிப்பதற்கு அண்ணன் சில ராத்திரிகளைச் செலவழித்தார். ஒரே அடுப்பில் ரெண்டு குக்கர் வைத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் வழி இல்லை.

அதுவரைக்கும் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் தேடல். காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். குக்கர் விசிலை எண்ணும் கருவிக்கு நம் நாட்டிலேயே பலர் விண்ணப்பித்திருந்தார்கள். பெரியப்பா சோல்டரிங் அயர்னை அணைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். அக்காவோ பிரிண்ட் எடுத்து, ஒவ்வொன்றாக அடிக்கோடு போட்டுப் படித்தார். சாயந்திரம் அவர் சொன்னதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்:

‘விசிலை எண்றது நம்மளோடது இல்லப்பா. யார் வீட்டு விசில்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்மளோடது.’

காப்புரிமை என்றால் ஒரு பொருளுக்குக் கொடுக்கும் பரிசு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். விசித்திரமாக ஒன்றைச் செய்துவிட்டால் போதும், சர்டிபிகேட் வந்துவிடும் என்று. அலுவலகம் பார்ப்பது டப்பாவை அல்ல. விண்ணப்பத்தின் கடைசியில் இருக்கும் கிளெய்ம்களைத்தான், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் பகுதியை. ஒவ்வொரு கிளெய்மும் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், எவ்வளவு நீளமானாலும். அந்த வாக்கியத்துக்குள் வந்தது உங்களுடையது, வராதது ஊருக்குப் பொது. அகலமாக எழுதினால் ஏற்கெனவே இருப்பதில் போய் இடிக்கும். குறுக்கி எழுதினால் ஒரு ஸ்க்ரூவை மாற்றிப்போட்டுவிட்டு எவனும் அதையே விற்கலாம். இந்த வீட்டின் உண்மையான கண்டுபிடிப்பு வேலை பட்டறையில் நடந்ததை விட அந்த வாக்கியத்தில் நடந்ததுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். பெரியப்பா இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். அக்கா எழுதியதைப் பெரியம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். எரிவாயு அடுப்பின் தாங்கியில் பொருத்தப்பட்ட அதிர்வுணரி என்று வந்ததும் பெரியம்மா நிறுத்தினார். ‘கேஸ் அடுப்புன்னு எதுக்குப் போடுறே? விறகடுப்புல வெச்சா எண்ணாதா?’ எண்ணும். அந்த இடம் ‘வெப்பமூட்டும் மேடை’ என்று மாறியது. காப்புரிமை ஏஜென்ட் ஒருவர் இருந்திருந்தால் இதற்குத்தான் காசு வாங்கியிருப்பார். ஏஜென்ட் இல்லாமல் நாமே விண்ணப்பிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. தனி நபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், அலுவலகம் விண்ணப்பத்தைப் பரிசோதிப்பதற்கு 4,000 ரூபாய். பெரிய கம்பெனிகளுக்கு இதைப்போல ஐந்து மடங்கு.

கண்டுபிடித்தவர் யார் என்று படிவம் 1-இல் எழுத வேண்டிய இடம் வந்தது. பெரியப்பா தன் பெயர், அக்கா பெயர், அண்ணன் பெயர் சொன்னார். அக்கா பேனாவை வைத்துவிட்டார். ‘அடுப்பு ஆடுதுன்னு சொன்னது யாருப்பா?’ பெரியம்மாவின் பெயர் முதலில் போனது, விண்ணப்பதாரர் வரிசையிலும். அதனால் ஒரு பலனும் கிடைத்தது. 2019 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டதிலிருந்து, தனி நபர்கள் மட்டும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால், படிவம் 18ஏ போட்டு, 4,000-க்குப் பதில் 8,000 ரூபாய் கட்டி விரைவுப் பரிசோதனை கேட்கலாம். சாதாரணமாக 18 மாதம் கழித்து வெளியாகும் விண்ணப்பத்தை முன்கூட்டியே வெளியிடச் சொல்லிப் படிவம் 9-உம் போட வேண்டும், அதற்கு 2,500 ரூபாய். ‘பன்னிரண்டாயிரத்துக்கு மேல ஆயிடுச்சு, ஒரு டைமர் வாங்கியிருந்தா நூறு ரூபா’ என்று பெரியம்மா கணக்குப் போட்டார். தப்பான கணக்கில்லை.

இதற்கு முன் நடந்த ரகசிய காப்பு தனிக் கதை. விண்ணப்பிக்கும் முன்னால் நாலு பேருக்குக் காட்டிவிட்டால் புதுமை போய்விடும். சட்டத்தின் கண்ணில் அது பழைய சரக்கு. அவசரத்துக்குத் தற்காலிக விவரணம் ஒன்றைப் போட்டுவைத்து, 12 மாதத்துக்குள் முழு விவரணத்தைக் கொடுக்கலாம். நம்மூர்த் தெருவில் சமையலறைக்குள் யார்தான் வரமாட்டார்கள்? கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா டப்பாவைப் பார்த்துவிட்டு இது என்ன என்றார். ‘ரேடியோ’ என்றார் பெரியம்மா. போட்டுக் காட்டச் சொன்னபோது, ரிப்பேர் என்றார். டிவி மெக்கானிக் வீட்டில் ரேடியோ ரிப்பேராகக் கிடப்பதை யாரும் சந்தேகப்படவில்லை.

இந்தக் கூட்டு வேலையைப் பார்க்கும்போது எனக்கு காசியோ குடும்பம் நினைவுக்கு வரும். அது நிறுவனத்தின் பெயராக மட்டும்தான் நமக்குத் தெரியும். உண்மையில் அது கஷியோ என்ற குடும்பப் பெயர். அண்ணன் தம்பி நாலு பேர்: தடாவோ, தொஷியோ, கசுவோ, யுகியோ. 1946-இல் தோக்கியோவில் தடாவோ ஒரு சின்னப் பட்டறை ஆரம்பித்தார். போர் முடிந்து எல்லாவற்றுக்கும் பஞ்சம். சிகரெட்டைக் கடைசித் துணுக்கு வரைக்கும் இழுக்க வேண்டும், கையும் வேலை செய்ய வேண்டும். தொஷியோ யோசித்தது சிகரெட்டைச் செருகிக்கொள்ளும் மோதிரம். தடாவோ லேத்தில் கடைந்தார், அப்பா கொண்டுபோய் விற்றார். அந்த மோதிரக் காசுதான் கால்குலேட்டருக்கு முதல். பல்சக்கரம் இல்லாமல், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளில் இருப்பது போன்ற ரிலேக்களை வைத்து அவர்கள் செய்த 14-ஏ, 1957-இல் வெளிவந்தது. 342 ரிலே, 140 கிலோ எடை, ஒரு மேசை அளவு, விலை 4,85,000 யென். 0 முதல் 9 வரை பத்தே பட்டன், விடைக்கு ஒரே ஜன்னல். இன்று நம் கைக் கணக்குப்பொறி இருக்கும் அமைப்பு அதுதான்.

பெரியப்பாவுக்கு இதில் பிடித்த பகுதி சப்போரோ. அங்கே இயந்திரத்தை நாலு பேர் முன்னால் இயக்கிக் காட்ட விமானத்தில் கொண்டுபோனார்கள். உயரம் அதிகம், மேல்பகுதியைக் கழற்று என்று விமான நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். கழற்றி, போய்ச் சேர்ந்து, மாட்டினால் ஓடவில்லை. தொஷியோ படம் காட்டிப் பேசிச் சமாளித்தார். பின்னாளில் 300-க்கும் மேற்பட்ட காப்புரிமைகளில் அவர் பெயர் இருந்தது. யோசிக்கிறவர் தொஷியோ, செய்கிறவர் தடாவோ, விற்கிறவர் கசுவோ, தொழிற்சாலைக்கு ஏற்றபடி மாற்றுகிறவர் யுகியோ என்று வேலை பிரிந்திருந்தது. எங்கள் வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது. விற்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

எங்கள் விண்ணப்பத்துக்குப் பரிசோதனை அறிக்கை வந்தது. பழைய விண்ணப்பங்கள் சிலவற்றை எடுத்துக்காட்டி, கூடவே பிரிவு 3(எஃப்) என்று போட்டிருந்தார்கள். தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனியாகச் செய்துகொண்டிருந்தால், அது கண்டுபிடிப்பு ஆகாது என்கிற பிரிவு. மைக் பழசு, பீசோ பழசு, அப்புறம் என்ன? நியாயமான கேள்வி. வினோதமான வீட்டுக் கருவிகள் பாதி இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. டார்ச்சோடு சேர்ந்த சீப்பு, கடிகாரம் வைத்த டப்பா எல்லாம் இந்த ரகம்.

அண்ணன் ஒரு பழைய வழக்கைத் தோண்டி எடுத்தார். பாத்திரம் கடையும்போது பிடித்துக்கொள்ளும் ஒரு அமைப்புக்கு 1951 தேதியிட்ட காப்புரிமை. பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷ்யாம் என்ற நிறுவனம் அதை எதிர்த்தது. உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: வேலை தெரிந்த தொழிலாளி பட்டறையில் இயல்பாகச் செய்துகொள்ளும் மாற்றம் காப்புரிமைக்குப் போதாது, அதற்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும். பெரியப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. வாழ்க்கை முழுக்கப் பட்டறை வேலை செய்தவரிடம், பட்டறை வேலை போதாது என்றால்? ஆனால் தீர்ப்பில் எனக்குத் தகராறு இல்லை. அந்தக் கோடு இல்லாவிட்டால் ஊரில் உள்ள ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொரு நாளும் யாருடைய காப்புரிமையையாவது மீறிக்கொண்டிருப்பார்.

பதிலில் அக்கா விட்டுக்கொடுக்க வேண்டியதை எல்லாம் விட்டுக்கொடுத்தார். எண்ணுவது போனது, போனுக்குத் தகவல் அனுப்புவது போனது. ஒலியும் அதிர்வும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதை மட்டும் பிடித்துக்கொண்டார்: தனித்தனியாக இருந்தால் இரண்டுமே ஏமாறும், சேர்ந்தால் ஏமாறாது, ஆகவே இவை அவரவர் வேலையைத் தனியே செய்யும் கருவிகள் அல்ல. வீடியோவில் ஹியரிங். பெரியப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேமராவில் அவருடைய தோள்பட்டை மட்டும்தான் தெரிந்தது. காப்புரிமை கிடைத்தது.

எங்கள் வீட்டின் இன்னொரு யோசனை, கோயிலில் காணாமல் போகும் செருப்புக்குள் வைக்கும் அலாரம், தேடலிலேயே விழுந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. பாடலீஸ்வரர் சன்னதியில் நூறு ஜோடி செருப்பு ஒரே நேரத்தில் கத்தினால் என்ன ஆகும்?

காசு? பெரியம்மா அடிக்கடி கேட்கும் கேள்வி. கரோக்கே கருவியை 1971-இல் கோபே நகரில் செய்த தைசுகே இனோவே அதற்குக் காப்புரிமை வாங்கவே இல்லை. பிலிப்பைன்ஸில் ரொபெர்டோ டெல் ரொசாரியோ தன்னுடைய பாட்டுப் பெட்டிக்கு 1980-களில் வாங்கிக்கொண்டார். நம் வீடுகளில் கிடக்கும் கொசு பேட் இருக்கிறதே, அதற்கு தைவானைச் சேர்ந்த ஒருவர் 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். காப்புரிமைக்கு ஆயுள் 20 வருஷம்தான். இன்று புதுச்சேரி சிக்னலில் விற்கிறவர் யாருக்கும் எதுவும் தரவேண்டியதில்லை. நம்ம கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு ரேசர் முதல் ஓட்டு இயந்திரம் வரை செய்து பார்த்தவர். அவருக்கே எல்லாம் சந்தையில் நிற்கவில்லை.

காப்புரிமை விற்கிற உரிமை கூட இல்லை, அடுத்தவனை விற்காதே என்று தடுக்கிற உரிமை மட்டும்தான். யாருமே விற்க நினைக்காத பொருளில் யாரைத் தடுப்பது? புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடை போடும் ஒருவரிடம் காட்டினோம். டப்பாவை இப்படியும் அப்படியும் புரட்டிவிட்டு ஒரு விலை சொன்னார். அது பிளாஸ்டிக் கூட்டுக்கும் பேட்டரிக்கும் ஆகிற செலவை விடக் குறைவு. காப்புரிமையைப் பயன்படுத்துகிறீர்களா என்று படிவம் 27-இல் கேட்பார்கள். முன்பு வருஷா வருஷம், 2024-இலிருந்து மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. இல்லை என்ற பதிலை நான்தான் தட்டச்சு செய்கிறேன்.

விண்ணப்பித்தது 2019. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை புதுப்பிப்புக் கட்டணம் வருஷத்துக்கு 800 ரூபாய். ஏழாம் ஆண்டிலிருந்து 2,400. அதற்கு மேலே போகப் போக 4,800, 8,000. கட்டாவிட்டால் உரிமை காலாவதி. இதை வைத்துப் போன தடவை வீட்டில் பெரிய பஞ்சாயத்து. விட்டுவிடலாம், செய்ய ஆசைப்படுகிறவன் செய்துவிட்டுப் போகட்டும் என்றார் அக்கா. அவர் எழுதிய வாக்கியம்தான், அவருக்கே பற்று இல்லை. கட்டியே ஆகவேண்டும் என்றார் பெரியப்பா. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ‘முதல் பேரு என்னுது. கட்டுங்க. அப்படியே ரெண்டு குக்கர் வெச்சா எண்ண மாட்டேங்குதே, அதையும் பாருங்க, தீபாவளிக்கு ஆளு வருது’ என்றார்.

கட்டிவிட்டேன். ரெண்டு குக்கர் விஷயத்துக்கும் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். அது என்னவென்று இங்கே எழுத அக்கா அனுமதிக்கவில்லை. விண்ணப்பம் இன்னும் போகவில்லை.